மறுவாழ்வுச் சிகிச்சை அத்தியாவசியம் இல்லையா? பொது முடக்கம் விட்டுச் சென்ற கேள்வி

புது தில்லி: கரோனா தீநுண்மிப் பரவலைத் தடுப்பதற்கான நாடு தழுவிய பொது முடக்கம் 2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு அறிவிக்கப்பட்டது. இரு நாள்கள் கழித்து, மார்ச் 26-ஆம் தேதி, தலைநகரில் ஒரே நாளில் இரண்டு அறிவிப்புகள் வெளியாயின. ஒன்று, ஏழைகளுக்கான நிவாரணத் தொகுப்பு குறித்து மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வெளியிட்டது. மற்றொன்று, சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறை மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டு நெறிமுறைகள். இரண்டிலும் மாற்றுத்திறனாளிகள் இடம்பெற்றிருந்தனர். ஆனால், வாரம் இருமுறை தாயின் தோளில் இயன்முறை சிகிச்சைக்குச் சென்று வந்த மூளை முடக்குவாதக் குழந்தைக்கு அவற்றால் என்ன கிடைத்தது என்று தேடினால், ஏறத்தாழ ஒன்றுமில்லை என்பதே விடை.

முதலில் பணத்தைப் பார்ப்போம். ஏழை முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள் என 3 கோடி பேருக்கு மூன்று மாதங்களில் இரு தவணைகளாகத் தலா 1,000 ரூபாய் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. யாருக்கு என்பதை முடிவு செய்தது தேசிய சமூக உதவித் திட்டத்தின் ஓய்வூதியப் பட்டியல். அத்திட்டத்தில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் பெற, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவராக இருப்பதோடு, 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஊனத்தின் அளவு 80 சதவீதத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். அதாவது, 17 வயது வரை எவ்வளவு கடுமையான குறைபாடு இருந்தாலும் அந்தப் பட்டியலில் பெயர் வராது. நிவாரணத்தின் அளவு போதுமா என்ற விவாதம் அப்போது நடந்தது. சிறார்கள் முற்றிலுமாக விடுபட்டது அந்த விவாதத்தின் ஓரத்துக்குக்கூட வரவில்லை.

இது தவிர்க்க முடியாத நிர்வாகச் சிக்கல் என்று சொல்லிவிட முடியாது. தமிழக அரசு 2020 ஜூன் மாதத்தில் 13 லட்சத்துக்கும் அதிகமான மாற்றுத்திறனாளிகளுக்குத் தலா 1,000 ரூபாய் அறிவித்தபோது, ஓய்வூதியப் பட்டியலை அல்லாமல் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை அடிப்படையாகக் கொண்டது. தொகை இரண்டிலும் ஒன்றுதான். எந்தப் பட்டியல் கையில் எடுக்கப்படுகிறது என்பதே யார் உள்ளே, யார் வெளியே என்பதைத் தீர்மானிக்கிறது.

இனி வழிகாட்டு நெறிமுறைகள். நியாயமாகச் சொன்னால், அவை நன்றாகவே எழுதப்பட்டிருந்தன. பராமரிப்பாளர்களுக்குப் பயண அனுமதிச் சீட்டு, பிரெய்லி முறையிலும் சைகை மொழியிலும் தகவல், ஆதரவுச் சேவைகள் குறைந்தபட்ச நேரடித் தொடர்புடன் தொடர வேண்டும் என்ற அறிவுறுத்தல் ஆகிய அனைத்தும் அவற்றில் இருந்தன. குறை எழுத்தில் இல்லை, அதிகாரத்தில் இருந்தது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் எது திறக்கலாம், எது மூட வேண்டும் என்று ஆணையிட்டது உள்துறை அமைச்சகம். சமூக நீதி அமைச்சகத்தின் சுற்றறிக்கை அறிவுரை. உள்துறை அமைச்சகத்தின் ஆணை சட்டம். சாலைத் தடுப்பில் நின்ற காவலரின் கையில் இருந்தது இரண்டாவதுதான்.

பள்ளியா, மருத்துவமனையா?

ஏப்ரல் 15-ஆம் தேதி உள்துறை வெளியிட்ட விரிவான ஆணையில், மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லங்கள் இயங்கலாம் என்று குறிப்பிடப்பட்டது. இல்லம் என்பது தங்கியிருக்கும் இடம். காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் சிறப்புப் பள்ளிகளும் பகல்நேரப் பயிற்சி மையங்களும் கல்வி, பயிற்சி நிறுவனங்கள் என்ற பொதுத் தலைப்பின் கீழ் மூடப்பட்டன. மே 1-ஆம் தேதி வெளியான ஆணை, தனிநபர் இடைவெளியுடன் புறநோயாளிகள் பிரிவுகளும் சிறு மருத்துவமனைகளும் இயங்க அனுமதித்தது. பத்து வயதுக்கு உள்பட்டோர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற அறிவுரையிலும் உடல்நலத் தேவைகளுக்கு விலக்கு இருந்தது.

இதன் விளைவு விசித்திரமானது. மருத்துவமனையின் முதல் மாடியில் ஓர் இயன்முறை சிகிச்சையாளர் குழந்தையின் முழங்காலை மடக்கி நீட்டினால் அது மருத்துவம், அனுமதி உண்டு. அதே பயிற்சி பெற்ற ஒருவர் சிறப்புப் பள்ளியின் ஓர் அறையில் அதே குழந்தைக்கு அதே பயிற்சியை அளித்தால் அது கல்வி, அனுமதி இல்லை. இந்தியாவில் பெரும்பாலான குழந்தைகளுக்கு மறுவாழ்வுச் சிகிச்சை கிடைப்பது இரண்டாவது வகை இடங்களில்தான். அவற்றில் மிகப் பலவற்றை நடத்துவது தன்னார்வ அமைப்புகள். மருத்துவமனைகளிலும்கூட நிலைமை சீராக இல்லை. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவு மார்ச் 24-ஆம் தேதி முதல் மூடப்பட்டது. பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து அதன் எதிரே நடைபாதையில் தங்கிச் சிகிச்சை பெறும் குடும்பங்களைத் தலைநகரவாசிகள் அனைவரும் பார்த்திருப்பார்கள். ரயில்களும் நின்றுபோன நாள்களில் அவர்களுக்கு ஊரும் இல்லை, மருத்துவமனையும் இல்லை என்ற நிலை.

மாதக்கணக்கில் தள்ளிப்போனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கண்புரை அறுவை சிகிச்சை தள்ளிப்போனால் பிறகு செய்துகொள்ளலாம். குழந்தைகளின் மறுவாழ்வுச் சிகிச்சை அப்படிப்பட்டது அல்ல. மூளை முடக்குவாதத்தில் தசைகள் இறுக்கமாக இருக்கும். எலும்பு வளர வளர அந்தத் தசைகள் ஈடுகொடுக்க முடியாமல் மூட்டுகள் மடங்கிய நிலையிலேயே இறுகத் தொடங்கும். அன்றாட நீட்டல் பயிற்சியும், கால் வளர்ச்சிக்கு ஏற்ப மாற்றிப் பொருத்தப்படும் காலிபரும்தான் அதைத் தடுக்கின்றன. ஓராண்டு பழைய காலிபர் காலுக்குப் பொருந்தாது. பொருந்தாததைக் கட்டினால் புண்தான் வரும். இறுகிவிட்ட மூட்டைச் சரிசெய்யப் பிறகு பயிற்சி போதாது, அறுவை சிகிச்சை தேவைப்படும்.

வளைபாதத்துடன் பிறக்கும் குழந்தைக்கு வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றி ஐந்தாறு வாரங்களில் பாதத்தை நேராக்கிவிடலாம். அதன் பிறகு முதல் மூன்று மாதங்களுக்கு நாள் முழுவதும், பின்னர் நான்கு வயது வரை இரவில், சிறப்புக் காலணி அணிய வேண்டும். இடையில் விட்டால் பாதம் மீண்டும் வளையும். காது கேளாத குழந்தைக்கு அப்போது மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில் 6 லட்சம் ரூபாய் வரை செலவிட்டுக் காக்ளியர் கருவி பொருத்தப்பட்டது. கருவி ஒலியைத்தான் தரும், பேச்சைத் தராது. அடுத்த ஈராண்டுகள் இடைவிடாத கேட்டல், பேச்சுப் பயிற்சி கிடைத்தால்தான் அந்த ஆறு லட்சத்துக்குப் பயன். பயிற்சி அளிப்பவர் முகக்கவசம் அணிந்தால் உதட்டசைவும் தெரியாது என்பது கூடுதல் சிக்கல். ஆட்டிசம் பாதித்த குழந்தைக்கோ அன்றாட ஒழுங்கே பாதி சிகிச்சை. ஒரே இரவில் அது குலைந்தபோது, பல மாத முயற்சியில் கற்ற பேச்சையும் கழிப்பறைப் பழக்கத்தையும் இழந்த குழந்தைகள் ஏராளம்.

கண்டறியப்படாத குழந்தைகள்

சிகிச்சை நின்றது வெளியே தெரிந்தது. கண்டறிதல் நின்றது தெரியவில்லை. 2013-இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் (ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம்) நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் சென்று, பிறவிக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் உள்ளிட்டவற்றைக் கண்டறிய வேண்டும்; கண்டறியப்பட்டவர்களை மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும். பொது முடக்கத்தில் இந்தச் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் ஒரே நேரத்தில் அறுந்தன. அங்கன்வாடியும் பள்ளியும் மூடப்பட்டன. நடமாடும் குழுக்கள் பல மாநிலங்களில் கரோனா பணிக்கு மாற்றப்பட்டன. இடையீட்டு மையங்கள் அமைந்துள்ள மாவட்ட மருத்துவமனைகளில் பல கரோனா மருத்துவமனைகளாயின.

அங்கன்வாடிகளை மீண்டும் திறப்பது குறித்து முடிவெடுக்குமாறு மாநிலங்களுக்கு 2021 ஜனவரியில் உச்சநீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த வழக்கின் மையப் பொருள் ஊட்டச்சத்து. வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறியும் முதல் வாசலும் அங்கன்வாடிதான் என்பது பொது விவாதத்தில் அதிகம் பேசப்படவில்லை. இந்தத் தாமதத்துக்கு விலை உண்டு. மூளை மிக வேகமாக வளரும் முதல் மூன்று ஆண்டுகளில் தொடங்கும் பயிற்சிக்கும் ஐந்து வயதில் தொடங்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு, அந்தக் குழந்தை பிற்காலத்தில் தானே உண்ணுமா, நடக்குமா, பேசுமா என்பதுவரை நீளும். 2020 மார்ச்சில் இரண்டு வயதாக இருந்த குழந்தை, பள்ளிகளும் அங்கன்வாடிகளும் நாடெங்கும் முழு அளவில் திறந்த 2022-இல் நான்கு வயதைக் கடந்திருந்தது.

எத்தனை குழந்தைகள் என்ற கேள்விக்கு இன்றும் 2011-ஆம் ஆண்டுக் கணக்குதான் பதில். அதன்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, அவர்களில் 19 வயது வரையிலானோர் 78 லட்சத்துக்கும் அதிகம். அந்தக் கணக்கெடுப்பில் குறைபாடுகள் எட்டு வகைகளாக மட்டுமே கேட்கப்பட்டன; ஆட்டிசத்துக்குத் தனி இடமே இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை அங்கீகரிக்கிறது. எனவே, உண்மை எண்ணிக்கை கூடுதலாகவே இருக்கும். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பும் கரோனாவால் தள்ளிப்போனது.

செல்லிடப்பேசி வழியே

நேரடிச் சிகிச்சைக்கு மாற்றாக முன்வைக்கப்பட்டது தொலைவழிச் சேவை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பன்முகக் குறைபாடுடையோர் தேசிய நிறுவனம் உள்ளிட்ட மத்திய நிறுவனங்கள் காணொலி வழியில் பயிற்சி அளித்தன. 2020 செப்டம்பரில் தொடங்கப்பட்ட 'கிரண்' மனநல உதவி எண்ணை ஒருங்கிணைத்ததும் முட்டுக்காடு நிறுவனமே. தன்னார்வ அமைப்புகளின் சிகிச்சையாளர்கள் பலர், ஊதியம் பாதியாகக் குறைந்த நிலையிலும், பெற்றோர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் பயிற்சிகளைப் படம்பிடித்து அனுப்பினர். இதில் உண்மையான பலன் இருந்தது. குழந்தையை எப்படித் தூக்குவது, எப்படி அமர வைத்து உணவு ஊட்டுவது, விளையாட்டின் வழியே எப்படிப் பேச வைப்பது என்பனவற்றைப் பெற்றோர் வீட்டுச் சூழலிலேயே கற்றனர். மையத்தில் வாரம் இரு மணி நேரம் கிடைத்ததைவிட அது சில குடும்பங்களுக்குக் கூடுதலாகவே அமைந்தது.

ஆனால் எல்லை வெகு அருகில் இருந்தது. 2017-18-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இணைய வசதி உள்ள குடும்பங்கள் நாட்டில் சுமார் 24 சதவீதம்; கிராமங்களில் சுமார் 15 சதவீதம். வீட்டில் ஒரே ஒரு செல்லிடப்பேசி இருந்து, மூத்த பிள்ளைக்கு இணையவழி வகுப்பும் இளைய பிள்ளைக்குப் பயிற்சியும் ஒரே நேரத்தில் வந்தால் யாருக்கு முன்னுரிமை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தசையின் இறுக்கத்தைக் கையால் தொட்டுத்தான் உணர முடியும். மாவுக்கட்டைத் திரை வழியே போட முடியாது. ஒடிஸாவைச் சேர்ந்த 'ஸ்வாபிமான்' அமைப்பு 2020 மே மாதத்தில் பல மாநிலங்களில் 3,627 பேரிடம் நடத்திய ஆய்வில், இணையவழிக் கல்வியின் இடர்ப்பாடுகளால் மாற்றுத்திறனுள்ள மாணவர்களில் 43 சதவீதத்தினர் படிப்பைக் கைவிடும் எண்ணத்தில் இருப்பதாகத் தெரியவந்தது. பொது முடக்கம் தொடங்கி இரண்டே மாதங்களில் எடுக்கப்பட்ட கணக்கு அது.

சட்டச் சிக்கலும் இருந்தது. 2020 மார்ச் 25-ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகள் பதிவு பெற்ற மருத்துவர்களுக்கானவை. இயன்முறை சிகிச்சையாளர்களுக்கு அப்போது தேசிய அளவில் ஒழுங்குமுறைக் குழுவே கிடையாது. துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல்தான் வந்தது. பேச்சுப் பயிற்சியாளர்களும் சிறப்பாசிரியர்களும் 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டத்தின் கீழ் வருகின்றனர். ஒரே குழந்தைக்குச் சிகிச்சை அளிக்கும் மூவர் மூன்று சட்ட வேலிகளுக்குள் நிற்கின்றனர். குழந்தையும் அப்படித்தான். ஆரம்ப இடையீடு சுகாதாரத் துறையிடம். அங்கன்வாடி மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் துறையிடம். பள்ளியும் வீட்டுவழிக் கல்வியும் கல்வித் துறையிடம். காலிபரும் காக்ளியரும் சமூக நீதித் துறையிடம். சாதாரண நாள்களில் இந்தப் பிரிவினையைத் தாய்மார்கள் தங்கள் கால்நடையால் ஈடுகட்டுகின்றனர். நடமாட்டமே தடை செய்யப்பட்டபோது ஈடுகட்ட யாரும் இல்லை.

பணம் எங்கே போனது?

மாற்றுத்திறனாளிகள் துறைக்கு 2020-21 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கப்பட்டது சுமார் 1,325 கோடி ரூபாய். திருத்திய மதிப்பீட்டில் அது 900 கோடியாகச் சுருங்கியது. அடுத்த ஆண்டுக்கான ஒதுக்கீடும் சுமார் 1,172 கோடி ரூபாய்தான். முகாம்கள் நடக்கவில்லை, எனவே செலவும் ஆகவில்லை என்பது இதற்கு அளிக்கப்படக்கூடிய விளக்கம். அந்த விளக்கம் கணக்குக்குப் பொருந்தும், காரியத்துக்குப் பொருந்தாது. முகாமுக்குக் குழந்தை வர முடியாத ஆண்டில்தான், சிகிச்சையாளர் குழந்தையின் வீட்டுக்குச் செல்லும் ஏற்பாட்டுக்குக் கூடுதல் பணம் தேவைப்பட்டிருக்கும். தன்னார்வ அமைப்புகளுக்கான தீனதயாள் மறுவாழ்வுத் திட்ட மானியம் சாதாரணக் காலத்திலேயே தாமதமாக வந்துசேர்வது பழங்கதை. நன்கொடையும் வற்றிய ஆண்டில் முதலில் வேலையிழந்தவர்கள் சிகிச்சையாளர்களே. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை செலவை ஈடுகட்டுகிறது என்றாலும், முதலில் கைப்பணம் செலவழித்து, ரசீது காட்டித் திரும்பப் பெறும் முறை அது. ஊதியமற்ற மாதங்களில் அந்த முதல் பணம் யாரிடம் இருந்தது?

மாற்றுத்திறனாளிகளை 'திவ்யாங்' என்று அழைக்கலாம் எனப் பிரதமர் 2015 டிசம்பரில் யோசனை தெரிவித்தது முதல், பெயர் குறித்து நடந்த விவாதத்தில் ஒரு பகுதியேனும் நிதி குறித்து நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சட்டம் இல்லாத குறையும் அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, பேரிடர்களிலும் அவசர நிலைகளிலும் அவர்களுக்குச் சமமான பாதுகாப்பை உறுதி செய்கிறது. பேரிடர் மேலாண்மைப் பணிகளில் அவர்களை உள்ளடக்கும் பொறுப்பைத் தேசிய, மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையங்களிடம் ஒப்படைக்கிறது. தேசிய ஆணையம் இதற்கென வழிகாட்டு நெறிமுறைகளையும் 2019 செப்டம்பரில், அதாவது கரோனாவுக்கு ஆறு மாதங்கள் முன்பு, வெளியிட்டிருந்தது. ஆனால், மறுவாழ்வைப் பற்றிப் பேசும் 27-ஆவது பிரிவைப் படித்தால், 'பொருளாதார வலிமைக்கும் வளர்ச்சிக்கும் உள்பட்டு' அரசு அச்சேவைகளை மேற்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை கண்ணில் படுகிறது. பாதுகாப்பு நிபந்தனையற்ற உரிமை. மறுவாழ்வு, வசதிப்பட்டால் செய்ய வேண்டிய கடமை. நெருக்கடி வந்தபோது எது கைவிடப்படும் என்பதைச் சட்டமே முன்கூட்டிச் சொல்லியிருந்தது எனலாம். தடுப்பு, சிகிச்சை ஆகியவற்றுக்கு இணையாக மறுவாழ்வையும் ஆரம்ப சுகாதாரத்தின் அங்கமாக 1978-ஆம் ஆண்டின் அல்மா ஆட்டா பிரகடனம் குறிப்பிட்டது. அதை ஏற்ற நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

கரோனாவுக்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை என்று கூறுவது சரியாகாது. 2021 ஜூனில் அனைத்துக் குறைபாடுகளுக்கும் ஒரே கூரையின் கீழ் சேவை அளிக்கும் 14 ஆரம்ப இடையீட்டு மையங்கள் திறக்கப்பட்டன; அவற்றில் ஒன்று சென்னையில் உள்ளது. சிறப்பாசிரியர் நியமனம் குறித்து 2021 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததைத் தொடர்ந்து, தொடக்கப் பள்ளிகளில் 10 மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதம் 2022 செப்டம்பரில் அறிவிக்கை செய்யப்பட்டது. அதன்படி பணியிடங்களை உருவாக்குமாறு 2025 மார்ச்சில் நீதிமன்றம் மீண்டும் மாநிலங்களை வற்புறுத்த நேர்ந்தது. உலக வங்கியின் 16.2 கோடி டாலர் கடனுதவியுடன் தமிழகம் தொடங்கிய 'உரிமைகள்' திட்டம், சிகிச்சையைக் கோட்ட அளவிலான மையங்களுக்கும் வீட்டு வாசலுக்கும் கொண்டு செல்ல முனைகிறது. எழுநூறுக்கும் அதிகமான மாவட்டங்கள் உள்ள நாட்டில் இத்தகைய சில மையங்கள் எவ்வளவு தூரம் எட்டும் என்பதை நோக்க, மாநிலங்கள் இத்தகைய வழியில் செல்வதே நடைமுறைக்கு உகந்தது.

ஆயினும் இவை யாவும் சாதாரண நாள்களுக்கானவை. அடுத்த பெருந்தொற்றுக்கு ஆயத்தமாவது குறித்து நீதி ஆயோக் அமைத்த வல்லுநர் குழு 2024 செப்டம்பரில் அளித்த அறிக்கை, பொது சுகாதார அவசரநிலை மேலாண்மைக்குத் தனிச் சட்டம் இயற்றப் பரிந்துரைத்துள்ளது. அப்படியொரு சட்டம் வரைவு நிலைக்கு வரும்போது, இயங்க அனுமதிக்கப்படும் அத்தியாவசியச் சேவைகளின் அட்டவணையில் 'மாற்றுத்திறனுள்ள சிறார்களுக்கான மறுவாழ்வுச் சிகிச்சை, அது எந்த இடத்தில் அளிக்கப்பட்டாலும்' என்ற ஒரு வரியைச் சேர்ப்பது கடினமான காரியமல்ல. அந்த வரியைக் கேட்டுப் பெற வேண்டிய பொறுப்பு சுகாதாரம், சமூக நீதி, கல்வி ஆகிய மூன்று அமைச்சகங்களில் எதனுடையது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.